வேலி தாண்டிய அரசாணி

குப்பாயியும் ருக்குமணியும் சம்பந்தியான பிறகுதான் சண்டை போடவே ஆரம்பித்தார்கள். அதுவரை பல வருஷமாக அடுத்தடுத்த காட்டுக்காரிகளாக இருந்தவர்கள். வாடி, போடி என்று பேசிக்கொண்டு, ஒரே அரிவாளை மாற்றி மாற்றி இரவல் வாங்கிக்கொண்டு, மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். குப்பாயியின் மகன் கோகுல் ருக்குமணியின் மகள் சுசித்ராவைக் கட்டிக்கொண்ட அன்று வாடி போடி போய் 'வாங்க, போங்க' வந்தது. மரியாதையோடு சேர்ந்து மனத்தாங்கலும் வந்தது.

மலைமேல் அரியூர் நாட்டில் அவர்கள் காடுகளுக்கு நடுவே ஒரு கிளுவை வேலி. இந்தப் பக்கம் குப்பாயியின் மரவள்ளி. அந்தப் பக்கம் சவுக்கு உயரத்துக்கு வளர்ந்த மரங்களில் ருக்குமணியின் மிளகுக்கொடி. அந்த வருஷம் கோடை மழை பெய்ததும் குப்பாயியின் குப்பைக்குழியில் ஓர் அரசாணிக்கொடி தானாக முளைத்தது. மற்ற ஊர்களில் மஞ்சள் பூசணி என்றும் பரங்கி என்றும் சொல்கிற அதே காய்தான். யாரும் விதை போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. குப்பையின் கொழுப்பில் அது மதமதவென்று வளர்ந்து, வேலிக்குள் நுழைந்து, மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே ருக்குமணியின் காட்டு ஓரத்தில் அகலமான ஒரு தட்டைப்பாறை. நாள் முழுக்க வெயில். கொடி அந்தப் பாறையின் மேல் முறம் முறமாக இலைகளை விரித்துப்போட்டுப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அங்கேயே ஒரு காயும் பிடித்தது.

அதுவரை பிரச்சினை ஒன்றும் இல்லை. கோகுல்தான் தெரியாமல் கொண்டுவந்து சேர்த்தான். அவன் மலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு மரவள்ளியும் அன்னாசியும் ஏற்றிப்போகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, ஆடி மாதம் செம்மேட்டில் விவசாயிகள் சங்கம் ஒன்று காய்கறிக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னான்.

"பெரிய அரசாணிக்காய்க்குன்னு தனிப் பரிசு இருக்குதாம். மேடைக்குக் கூப்புட்டுக் கேடயம் குடுத்துப் போட்டோ புடிப்பாங்களாம்."

குப்பாயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நம்மூட்டுக் காயி ஒண்ணு நல்லாத் தேறி வருதேடா."

"அது எங்கம்மா பாறையில இல்லீங்க அத்தை இருக்குது?" என்றாள் சுசித்ரா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலியோரம் பேச்சு தொடங்கியது.

"ஏனுங்க சம்மந்தி, சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்டாள் குப்பாயி.

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க. நம்ம காயி நல்லாப் பெருக்குதுங்க."

அந்த 'நம்ம' யாரைக் குறிக்கிறது என்று ருக்குமணிக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆமாங்க. எம்பட பாறையில நல்ல வெயிலுங்க."

"வேரு எம்பட குப்பைக்குழியிலங்க."

"எலையில முக்காவாசி இந்தப் பக்கமுங்க."

"வேரு இல்லாம எலை ஏதுங்க?"

"எலை இல்லாம காயி ஏதுங்க?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் இருவரும் ஒரு 'ங்க'வைக்கூட விடவில்லை. மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த குப்பாயியின் புருஷன் கருப்பண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விருந்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் குனிந்துகொண்டார்.

வழக்கு சுசித்ராவிடம் வந்தது. அவள் மேல்நிலைப்பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பெற்றவள் ஒரு பக்கம், புருஷனைப் பெற்றவள் ஒரு பக்கம்.

"நீதான் செடி கொடியப் பத்திப் படிச்சவ. காயி யாருதுன்னு நீயே சொல்லீரு கண்ணு" என்றாள் குப்பாயி.

"யாருக்கும் பயப்படாமச் சொல்லு" என்றாள் ருக்குமணி, மகளை முறைத்துக்கொண்டே.

சுசித்ரா வகுப்பில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள். "பாருங்க. எலைதான் சமையக்கட்டு. வெயில வெச்சு அது சக்கரை காச்சுது. அந்தச் சக்கரை, பாகு மாதிரித் தண்டு வழியா, எது வளருதோ அதைப் பாத்து ஓடுது. காயி, கொழுந்து, வேரு எல்லாம் சாப்புடற ஆளுங்க. காய்க்குப் பக்கத்துல எந்த எலை இருக்குதோ, அதுதான் மொதல்ல ஊட்டும்."

ருக்குமணியின் முகம் மலர்ந்தது. குப்பாயியின் முகம் தொங்கியது. அதைப் பார்த்த சுசித்ரா அவசரமாகச் சேர்த்தாள். "ஆனா எலை சமைக்கறதுக்குத் தண்ணியும் சத்தும் வேருதான் எடுத்துக் குடுக்குது. தூரத்து எலையும் மிச்சம் இருந்தா அனுப்பும்."

இப்போது முகங்கள் இடம் மாறின.

"அப்பப் பாதிப் பாதிங்கறயா?" என்றாள் ருக்குமணி.

"அப்படிக் கணக்கா..."

"கணக்கா எவ்வளவுன்னு சொல்லு சாமி" என்றாள் குப்பாயி.

இங்கேதான் சுசித்ரா ஆசிரியை புத்தியில் ஒரு தப்புச் செய்தாள். "சோதனை பண்ணிப் பாத்தாத் தெரிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டாள்.

சோதனை எளிது. முதல் வாரம் ருக்குமணி பக்கத்து இலைகளைச் சாக்கு போட்டு மூடுவது. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டுக் குப்பாயி பக்கத்து இலைகளை மூடுவது. எந்தப் பக்கத்தை மூடும்போது காய் வளராமல் சுணங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் காய்க்கு அதிகம் ஊட்டுகிறது. காயின் சுற்றளவை நூல் வைத்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு.

முதல் வாரக் கடைசியில் நூலைச் சுற்றிப் பார்த்த சுசித்ராவுக்குத் தலை சுற்றியது. காய் கொஞ்சமும் சுணங்கவில்லை. முக்கால்வாசி இலை இருட்டில் கிடக்க, காய் பாட்டுக்குப் பருத்திருந்தது.

"பாத்தீங்களா! எல்லாம் எம்பட பக்கத்துல இருந்துதான் போயிருக்குது" என்றாள் குப்பாயி.

அடுத்த வாரம் குப்பாயி பக்கம் மூடப்பட்டது. காய் இன்னும் வேகமாகப் பருத்தது. இந்த அரசாணி இலையே இல்லாமல் பிழைக்கிற சாதி போலிருக்கிறது என்று சுசித்ரா குழம்பினாள். பள்ளியில் ஏதோ கூட்டம் என்று மதியமே விட்டுவிட, அவள் சீக்கிரம் வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. அத்தை குனிந்து, சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வடாம் காயப்போடுவதைப் போல இலைகளை வெயிலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை! இப்படிப் பண்ணுனா நீங்கதான தோத்துப்போவீங்க? காயி சுணங்கினாத்தான உங்க பக்கம் ஊட்டுதுன்னு அர்த்தம்?"

குப்பாயி கொஞ்சமும் அசரவில்லை. "தெரியுது கண்ணு. அதுக்குன்னு வளர்ற காயப் பட்டினி போடச் சொல்றயா? போன வாரம் உங்கம்மாளும் இதையேதான் பண்ணுனாங்க. பாத்துட்டுச் சும்மாதான் இருந்தேன்."

சுசித்ரா நேரே வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவைக் கேட்டாள். ருக்குமணி மிளகுக்கொடியைப் பார்த்தபடி, "பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்காத மாதிரி இருந்துச்சு" என்றாள். சோதனை அத்தோடு முடிந்தது.

ஆனால் சுசித்ரா சொன்ன பாடம் முடியவில்லை. குப்பாயி அதை மனத்துக்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருக்கிற காய்க்குத்தான் இலை முதலில் ஊட்டும் என்றால், தன் பக்கத்து இலைகள் எதற்கு வேலி தாண்டி அனுப்பவேண்டும்? இந்தப் பக்கமே ஒரு காய் இருந்தால்? அதுவரை தன் பக்கத்தில் பிடித்த பிஞ்சுகளையெல்லாம் பொரியலுக்குப் பறித்துக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் நல்ல பெண் பூவாகப் பார்த்து, ஆண் பூவைக் கிள்ளிக்கொண்டுவந்து அதன் மேல் தடவினாள். பூவின் கீழே இருந்த குண்டுமணிப் பிஞ்சு உதிராமல் நின்றது. எலுமிச்சையாகி, தேங்காயாகி, குடமாகத் தொடங்கியது.

அந்தப் பக்கம் பாறை மேல் இருந்த காய் மெதுவானது. ருக்குமணி நூலை வைத்துப் பார்த்தாள். நூலில் புது முடிச்சு போட இடமே வரவில்லை.

"எம்பட காயி ஏங்கிப்போச்சு" என்று அவள் மகளிடம் புலம்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் கண்ணு, இந்தப் பக்கத்துக் கொழுந்தையெல்லாம் கிள்ளிவுட்டா அது சாப்புடற சக்கரையும் காய்க்கு வருமா?" என்றாள்.

"வரும்மா. ஆனா..."

மறுநாள் ருக்குமணி பக்கத்தில் ஒரு கொழுந்தும் இல்லை, ஒரு பூவும் இல்லை. இருக்கிற இலைகள் அத்தனையும் அந்த ஒரு காய்க்காகவே உழைத்தன. அன்று இரவு குப்பாயி ரசத்தை ஊற்றியபடி, "ஏங்கண்ணு, பழுத்த எலை சக்கரை காச்சுமா, சும்மா ஒக்காந்து சாப்புடுமா?" என்று கேட்டாள். காலையில் அவள் பக்கத்துப் பழுத்த இலைகளெல்லாம் காணாமல் போயின. வேருக்குச் சாணிக் கரைசல் வேறு ஊற்றப்பட்டது.

"நீ ரெண்டு பக்கத்துக்கும் வெடிமருந்து விக்கற ஆளாட்ட இருக்கற" என்றான் கோகுல். சுசித்ரா அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அதை இரண்டு நாளுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. காரணம், கோகுல் கொண்டுவந்த இன்னொரு சேதி. தேவனூர் நாட்டில் ராசு என்பவர் காட்டில் ஓர் அரசாணியைப் பார்த்தானாம்.

"ரெண்டு ஆளு சேந்தாத்தான் பொரட்ட முடியும். உங்க ரெண்டு காயையும் ஒண்ணாக் கட்டுனாத்தான் அது ஒண்ணுக்கு நேராகும்."

இரு அம்மாக்களையும் வேலியருகே நிற்கவைத்துச் சுசித்ரா உண்மையைச் சொன்னாள். "ஒரே கொடி. அது காச்சற சக்கரையை ரெண்டு காயும் பிச்சுத் திங்குது. இப்படியே போனா ரெண்டும் ஜெயிக்காது. ஒண்ணைப் பறிச்சுட்டா, அதுக்குப் போறது அத்தனையும் மத்ததுக்குத் திரும்பிரும். எதைப் பறிக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

குப்பாயி மருமகளைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாமே அந்தப் பக்கம்தான் போகோணுமா? எம்பையன் வண்டிய நிறுத்துனதும் மொதல்ல அவிங்க ஊட்டுலதான் காப்பி குடிக்கறான். அப்பறந்தான் எனக்கு மொகத்தையே காட்டறான்."

"ஒரு காப்பிக்குச் சொல்றீங்களே" என்றாள் ருக்குமணி. "பெத்து, வளத்து, படிக்கவெச்சு ஆளாக்குனது நானு. இப்ப அவ சிரிக்கறது, பேசறது, வெளக்குப் போடறது எல்லாம் உங்க ஊட்டுல. எம்பட ஊட்டுல சாயங்காலமானா ரேடியோ மட்டுந்தாங்க பேசுது."

அவள் புருஷன் ராசப்பன் கீழே கட்டட வேலைக்குப் போய் வாரக் கடைசியில்தான் வருவார். சுசித்ராவுக்கு அது தெரியும். தெரிந்தும், அம்மா ரேடியோவோடு உட்கார்ந்திருப்பதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. "எனக்குப் பஸ் வந்துரும்" என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ருக்குமணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். குப்பாயி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பில் அவளுடைய அரசாணிக்காய், காம்போடு அறுத்தது. குழந்தையை இறக்கிவைப்பதைப் போல அதை வாசலில் இறக்கிவைத்தாள்.

"இந்தாங்க சம்மந்தி. எம்படதப் பறிச்சுப்போட்டேன். உங்குளுதே நல்லாப் பெருத்து வரட்டும். நமக்குள்ள என்னங்க இருக்குது."

ருக்குமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். குப்பாயியும் கொஞ்சம் அழுதாள். பிறகு அடுப்பில் காப்பி வைக்கப்பட்டது. "பேரு குடுக்கறப்ப உங்க பேருதான் மொதல்லங்க" என்று ருக்குமணி சத்தியமே செய்துவிட்டாள். குப்பாயி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வீடு திரும்பினாள்.

சாயங்காலம் சுசித்ரா அம்மா வீட்டுக்கு வந்து அந்தக் காயை நறுக்க உட்கார்ந்தாள். பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் மண் அப்பியிருந்தது. துடைத்தால் சின்ன ஓட்டை. கத்தியை இறக்கினாள். உள்ளே பாதிச் சதை கூழாகிப்போயிருந்தது. வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் துள்ளின. ஈ குத்தி முட்டை வைத்த காய். இன்னும் நாலு நாள் கொடியில் இருந்திருந்தால் தானாகவே அழுகி விழுந்திருக்கும்.

சுசித்ரா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அத்தையின் தியாகத்தின் லட்சணத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

"புழு இல்லாத பக்கமாப் பாத்து நறுக்கு" என்றாள் ருக்குமணி, வெங்காயம் உரித்தபடி.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும். வேலியில எட்டிப் பாத்தேன், ஓட்டை தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அப்படி அழுத?"

"புழு விழுந்ததா இருந்தா என்ன? குப்பையில தூக்கிப்போடாம, அந்த இடுப்பு வலியோட இவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்தாங்கல்ல. அவிங்ககிட்டச் சொல்லித் தொலைச்சுறாத."

சுசித்ரா சொல்லவில்லை. ஆனால் குப்பாயிக்கு நிம்மதி போயிற்று. எதிர்ப்படும்போதெல்லாம் ருக்குமணி, "உங்கள மாதிரி மனசு யாருக்குங்க வரும்" என்றாள். தண்ணீர்க் குழாயடியில் நாலு பேருக்கு முன்னாலும் சொன்னாள். அதை அவள் வேண்டுமென்றேதான் செய்தாளோ என்று சுசித்ராவுக்குச் சந்தேகம். அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்கக் குப்பாயி நெளிந்தாள். நெளிந்த வேகத்தில் உழைக்கவும் தொடங்கினாள். காலையில் கரைசல் கொண்டுவந்து ஊற்றினாள். காய் பாறைச் சூட்டில் வேகாமல் அடியில் வைக்கோல் பரப்பினாள். ஆடிக்காற்று இலைகளைக் கிழிக்க வந்தபோது இரு பெண்களும் சேர்ந்து மூங்கில் நட்டு, பழைய சேலைகளைக் கட்டிக் காற்றை மறித்தார்கள். குரங்குகள் வந்தால் ஒருத்தி தகரம் தட்டினாள், இன்னொருத்தி திட்டினாள். குரங்குகளுக்கு மட்டும் 'ங்க' போடவில்லை.

காய் பெருத்தது. குப்பாயி பக்கத்தில் ஊட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன இலைகள் தங்கள் சக்கரையை எல்லாம் பாறைப் பக்கம் தள்ளிவிட்டன. பழைய நூல் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை. சுசித்ரா புது நூல் எடுக்கவேண்டியதாயிற்று. ஒருநாள் மாணவிகளை அழைத்துவந்து காட்டினாள். பாடப்புத்தகத்தில் பெரிய பெரிய பெயர்களோடு இருந்த சமாச்சாரம் பாறை மேல் மஞ்சளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அந்தப் பெண்கள் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

கண்காட்சி அன்று கருப்பண்ணனும் கோகுலும் வாரம் முடிந்து வந்திருந்த ராசப்பனும் சேர்ந்து, கோணிப்பையில் உருட்டிக் காயை வண்டியில் ஏற்றினார்கள். சம்பந்திகள் இருவரும் பின்னால் ஏறி இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வளைவிலும், "மெல்லப் போ சாமி, மெல்ல" என்று இரு குரல் ஒன்றாகக் கேட்டது.

செம்மேட்டில் தராசு தீர்ப்புச் சொன்னது. ராசுவின் காய்தான் முதல். கொஞ்சம்தான் வித்தியாசம். குப்பாயி ராசுவின் பக்கம் நகர்ந்து மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, உங்க கொடியில மொத்தம் எத்தனை காயிங்க?"

"இது ஒண்ணேதானுங்க. ஆரம்பத்துலயே மத்த பிஞ்சையெல்லாம் கிள்ளிப்போட்டேன்" என்றார் ராசு.

குப்பாயி ருக்குமணியைப் பார்த்தாள். ருக்குமணி வேறு எங்கோ பார்த்தாள்.

"இரண்டாம் பரிசு, அரியூர் நாடு, குப்பாயி ருக்குமணி" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. இரண்டு பேரும் மேடையேறினார்கள். "ஒருத்தர் வாங்கம்மா, ஒருத்தர்" என்றார் அறிவிப்பாளர். குப்பாயி அவரிடம், "பேரு ரெண்டு, ஆளு ரெண்டு, காயி ஒண்ணுங்க" என்று விளக்கினாள். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேடயத்தை நீட்டினார். இருவரும் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்து வாங்கினார்கள். போட்டோவில் பெரிய அரசாணி முன்னால் இருந்ததால் அதற்குப் பின்னால் இரண்டு தலைகள் மட்டுமே விழுந்தன.

வீடு வந்ததும் காயைப் பிளந்தார்கள். ஊரில் பாதி வீட்டுக்குக் கொடுத்தது போக, சமையல் ருக்குமணி வீட்டில். ராசப்பனும் கருப்பண்ணனும் கோகுலும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள், பேச்சு கேட்கவில்லை என்று. கருப்பண்ணன் முதல் வாய் வைத்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னங்க?" என்றாள் குப்பாயி.

"ஒண்ணுமில்ல. தண்ணியாட்ட இருக்குது."

குப்பாயி எடுத்துச் சுவைத்தாள். ருக்குமணியும் சுவைத்தாள். உண்மைதான். அவ்வளவு பெரிய காயில் இனிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"சக்கரை காச்சறது எலைதானுங்களே சம்மந்தி" என்றாள் குப்பாயி மெதுவாக. "எலையில முக்காவாசி உங்க பக்கமுங்க."

"தண்ணி குடுக்கறது வேருங்க சம்மந்தி. வேரு உங்க குழியிலங்க."

"அப்படிப் பாத்தா காயி உங்க பாறையிலங்க."

"பேருல நீங்கதான மொதல்லங்க?"

கோகுல் சிரிப்பில் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டான். சுசித்ரா எழுந்துபோய் வெல்லத்தை நுணுக்கி எடுத்துவந்து, யாரையும் கேட்காமல் சட்டியில் போட்டுக் கிளறினாள். இரண்டு அம்மாக்களும் வாதத்தை நிறுத்திவிட்டு, ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றாள் குப்பாயி.

"போதும், போதும்" என்றாள் ருக்குமணி.